யாமிமா ராணியைத் திருடியது யார்?

"திருடி யாருன்னு நானே சொல்லிடறேன் சார். நீங்க பிடிச்சுக் குடுத்தா போதும்" என்றார் பதிப்பாளர்.

சல்லடை தலையாட்டினார். அக்கா மகள் நறுக், அவர் காதருகே குனிந்தாள். "நல்ல கேஸ் மாமா. விடையைக் குடுத்துட்டாங்க, கணக்கை மட்டும் நாம போடணும்."

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைச் சலித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு விழுந்த பெயர் சல்லடை. சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. "சல்லடைன்னா சலிச்சு எடுக்கிறவர்னு கட்சிக்காரங்க நினைப்பாங்க. எங்கம்மா வேற அர்த்தத்துல சொல்லுவாங்க, வெறும் ஓட்டைன்னு" என்பது நறுக்கின் நிரந்தர விளக்கம். அவளுக்கு ஏன் நறுக் என்று பெயர் வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும்.

பதிப்பாளரின் அறையில் சுவரே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் 'ஒளிக்கப்பல்' படங்கள். தொலைக்காட்சியில் தொடங்கி, சினிமாவுக்குப் போய், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு வரைக்கும் முத்திரை குத்தி விற்கப்பட்ட விண்வெளித் தொடர். அதை ஒட்டி வரும் நாவல்களையும் காமிக்ஸ்களையும் போடும் உரிமை இந்தப் பதிப்பகத்துக்குத்தான்.

"புதுப் படத்தோட கதை படு ரகசியம் சார். நடிக்கிறவங்களுக்கே முழுக்கதை தெரியாது."

"பார்க்கிறவங்களுக்கும் தெரியாம எடுத்துட்டா சரியாப் போச்சு" என்றாள் நறுக்.

பதிப்பாளர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை மேல் ஒரு காமிக்ஸைப் போட்டார். பளபளப்பான அட்டை. 'படம் வருவதற்கு முன்பே முழுக்கதை!' என்று கொட்டை எழுத்து.

"இது நடைபாதையில விக்குது. லைகச கிரகம், யாமிமா ராணி, மிருகப் படை, எல்லாம் அப்படியே புதுப் படத்துல வர்றது! சினிமா கம்பெனியில கொதிச்சுப் போயிருக்காங்க. எனக்குக் குடுத்த உரிமையைப் பிடுங்கிடுவோம்கிறாங்க."

"திரைக்கதையை யார் யார் படிச்சாங்க?" என்று கேட்டார் சல்லடை.

"எழுதின தலைமைக் கதாசிரியர். நான். அப்புறம் ஆவி."

நறுக் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரு?"

"எங்க நாவல் எல்லாத்தையும் எழுதற பொம்பளைம்மா. அட்டையில ஏதோ ஒரு பேரு போடுவோம், உள்ளே எழுதறது அவங்க. அதனால ஆபீஸ்ல ஆவின்னுதான் கூப்பிடுவோம். படம் வர்ற அன்னைக்கே நாவலும் வரணும்னு திரைக்கதையை அவங்ககிட்ட குடுத்தேன். பாலைப் பூனைகிட்ட குடுத்த மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்குச் சாயந்திரம் கம்பெனியில கூட்டம், வக்கீலம்மா வர்றாங்க. அதுக்குள்ள அவங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா வேலையோட போகும். இல்லைன்னா போலீஸ்."

சல்லடை காமிக்ஸைப் புரட்டினார். பேசவில்லை. பேசாத நேரத்தில்தான் அவர் வேலை செய்வார் என்பது நறுக்குக்குத் தெரியும். அதனால் அந்த இடைவெளியை அவளே நிரப்பினாள்.

"இந்தக் கேப்டன் போன நாவல்ல செத்துட்டான்ல சார்? என் சிநேகிதி அழுதாளே!"

"நாவல்ல செத்தா கணக்குல வராதும்மா. கம்பெனி விதி. திரையில வர்றதுதான் நிஜமா நடந்தது. நாவலும் காமிக்ஸும் சும்மா."

"அப்ப அவ அழுததும் கணக்குல வராதா?"

"வராது."

"புத்தகத்துக்குக் குடுத்த காசு?"

"அது வரும்" என்றார் பதிப்பாளர், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

சல்லடை எழுந்துவிட்டார். "நறுக், இந்தக் கேப்டன் மூஞ்சியைப் பார்த்தியா?"

வெளியே வந்ததும் அவள் பார்த்தாள். அடுத்த நொடி படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா! மீசை!"

"சொல்லு."

"இப்போ கேப்டனா நடிக்கிறவருக்கு மீசையே கிடையாது. மழுமழுன்னு சோப்பு விளம்பரம் மாதிரி இருப்பாரு. மீசை வச்சவரு பழைய கேப்டன். சம்பளச் சண்டையில போயி எத்தனையோ வருஷம் ஆச்சே!"

"புதுப் படத்தோட கதையைத் திருடினவன் கேப்டனுக்கு எதுக்கு பழைய நடிகரோட மூஞ்சியை வரையணும்?"

"ஞாபகார்த்தமா இருக்குமோ?"

"உதை வாங்குவே. வா, நடைபாதைக்குப் போவோம்."

*

பழைய புத்தகக்காரர் பேருந்து நிறுத்தத்தின் பின்புறச் சுவரையே கடையாக்கியிருந்தார். கணித வழிகாட்டிகளுக்கும் கர்ப்பகாலப் பராமரிப்புக்கும் நடுவில் அந்த காமிக்ஸ் அடுக்கடுக்காக இருந்தது. இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

சல்லடை ஒரு பிரதியை எடுத்து, பளபள அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். உள்ளே இன்னொரு அட்டை. மங்கிப் போன நிறம். கீழே பதிப்பாளரின் அச்சகப் பெயர்.

"அண்ணே, சட்டை புதுசு, உடம்பு பழசு போலிருக்கே" என்றாள் நறுக்.

புத்தகக்காரர் பதறவில்லை. "தப்பாம்மா? கடைக்கு வந்த பழைய பேப்பர் மூட்டையில மொத்தமா கிடைச்சுது. ஒரு பதிப்பகம் கிடங்கைக் காலி பண்ணாங்களாம். டிவியில புதுப் படத்துக்கு விளம்பரம் பார்த்தேன், யாமிமா ராணின்னாங்க. அட, இவங்க நம்ம மூட்டையில இருக்காங்களேன்னு, படத்தோட நோட்டீஸை அட்டையா ஒட்டினேன்."

"'முழுக்கதை'ன்னு போட்டிருக்கீங்களே?"

"விக்கணும்ல சார். சும்மா அடிச்சு விட்டேன்." திடீரென்று அவர் முகம் மாறியது. "ஏன், நிஜமாவே அதே கதைதானா?"

சல்லடை இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை நறுக் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாமா, ரகசியத்தை வெளிய விட்டது ஆவி இல்ல. நம்ம கட்சிக்காரரேதான்! தன் கிடங்கையே எடைக்குப் போட்டுட்டு, தன் புத்தகத்தையே தேடறாரு!"

"அது சின்ன விஷயம். இந்தக் கதை அச்சாகிப் பல வருஷம் ஆச்சு. படம் இன்னும் வரல. அப்போ திருட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போயிருக்கு?"

நறுக்கின் சிரிப்பு நின்றது.

*

ஆவி இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, கூர்மையான கண்கள் உள்ள பெண். இஸ்திரிப் பலகையின் மேல் காகிதத்தைப் பரப்பி, நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே மேசையை அவள் மாமியாரின் தையல் மெஷின் பிடித்திருந்தது. அடுத்த அறையிலிருந்து அதன் கடகட சத்தம் வந்தது.

"போலீஸா?" என்றாள்.

"இல்லக்கா, போலீஸ் சாயந்திரம்தான். நாங்க விளம்பர இடைவேளை" என்றாள் நறுக்.

ஆவி சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து இடம் கொடுத்தாள். சல்லடை பழைய காமிக்ஸை இஸ்திரிப் பலகையில் வைத்தார். அவள் அதைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே அவருக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"உங்க கதை."

"ஆமா சார். நான் எழுதின முதல் காமிக்ஸ். விக்கவே இல்ல. 'கேப்டன் இதுல தோத்துப் போறான், இது கணக்குல வராது'ன்னு கம்பெனியில சொன்னாங்க. பதிப்பாளர் பிரிச்சுக்கூடப் பார்க்காம கிடங்குல போட்டுட்டாரு. இப்போ திரைக்கதைன்னு ஒண்ணைக் கொண்டுவந்து, 'இதை நாவலாக்கு'ன்னு குடுத்தாங்க. பத்து பக்கம் படிச்சேன். என் பிள்ளையை யாரோ புதுச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்து, 'இந்தப் பையனைத் தெரியுமா'ன்னு என்கிட்டயே கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? அட்டையில என் பேரு இல்ல. என்னோடதுன்னு சொன்னா, 'ஆவிக்கு ஆசையைப் பாரு'ம்பாங்க." தையல் மெஷின் நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "திருடினது கூடப் பரவாயில்ல சார். கெடுத்துட்டாங்க."

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றாள் நறுக், காமிக்ஸைப் புரட்டியபடி. "இதுல கேப்டன் ராணிகிட்ட மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கறான். பக்கத்தைப் புரட்டினா, அப்புறம்தான் அவ கோட்டையைக் கொளுத்தறான். தப்பு பண்றதுக்கு முன்னாடியே மன்னிப்பா? எனக்குப் புருஷனா இருந்த ஆளு தப்பு பண்ணப்புறமும் கேட்டதில்லையே!"

"பைண்டிங்ல கோளாறும்மா. நடுவுல ஒரு தாள் முன்ன பின்ன மாறிப் போச்சு. மொத்தப் பிரதியுமே அப்படித்தான். அப்போ நான் அழுதே இருக்கேன்."

சல்லடை முன்னால் சாய்ந்தார். "திரைக்கதையில அந்த இடம் எப்படி?"

ஆவி மெத்தைக்கு அடியிலிருந்து கம்பெனி முத்திரை குத்திய திரைக்கதையை எடுத்து நீட்டினாள். சல்லடை படித்தார். மறுபடி படித்தார். பிறகு அதை மூடி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரிப்பை மறைக்கும் விதம் அது.

"முதல்ல மன்னிப்பு. அப்புறம் தீ" என்றார்.

அடுத்த அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தலை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா, நிமிர்ந்த முதுகு. "யாரும்மா வந்திருக்கிறது? காபி போடட்டா, இல்ல கிளம்பிடுவாங்களா?"

"கிளம்பிடுவாங்க அத்தை."

"அப்படின்னா போடறேன்" என்று உள்ளே போனார்.

நறுக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, யாமிமான்னு எப்படிப் பேரு வச்சீங்க?"

ஆவி சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, நறுக்கின் காதில் ஏதோ சொன்னாள். நறுக் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கண்ணில் நீர். "மீதி ரெண்டும் கூடவா?" என்றாள் மூச்சு திரும்பியதும். ஆவி தலையாட்டினாள்.

"சாயந்திரக் கூட்டத்துக்கு நீங்களும் வர்றீங்க" என்றார் சல்லடை.

"நானா? அந்த வாசல்ல என்னை விடமாட்டாங்க சார்."

"குற்றவாளியை விடாம கூட்டம் எப்படி நடக்கும்?"

*

சினிமா கம்பெனியின் கூட்ட அறையில் நீள மேசை, குளிர், தண்ணீர் பாட்டில்கள். தலைமைக் கதாசிரியர் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் வக்கீல் அம்மா, இன்னொரு பக்கம் பதிப்பாளர். ஆவியைக் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் பதிப்பாளர்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்" என்றார் சல்லடை, கதாசிரியரைப் பார்த்து, மிகப் பணிவாக. "திருட்டுன்னா, திருடு போன பொருள் உங்களோடதுன்னு உறுதி பண்ணிக்கணும். பழைய இன்ஷூரன்ஸ் பழக்கம். கேப்டன் முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் கோட்டையைக் கொளுத்தறாரே, அது எப்படிச் சார் தோணிச்சு?"

கதாசிரியர் மெல்லப் புன்னகைத்தார். இதைக் கேட்க இத்தனை நாள் யாரும் இல்லையே என்ற புன்னகை.

"காலத்தை உடைச்சிருக்கேன். பாவம் முதல்ல வருதா, பரிகாரம் முதல்ல வருதா? அதுதான் படத்தோட தத்துவமே. அந்த ஒரு காட்சிக்காக ஆறு மாசம் தூங்கல."

"பைண்டிங் பண்ணவரு தூங்கிட்டாரு சார்" என்றாள் நறுக். "அதான் வித்தியாசம்."

அவள் பழைய காமிக்ஸை வக்கீலம்மா முன்னால் விரித்து, இடம் மாறிய தாளைக் காட்டினாள். பக்க எண்கள் முன்னுக்குப் பின்னாக இருந்தன. கேப்டனின் மீசையை, உள் அட்டையை, அச்சான வருடத்தை, எல்லாவற்றையும் சல்லடை வரிசையாகச் சொன்னார். வக்கீலம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"தற்செயல்" என்றார் கதாசிரியர். "பெரிய மூளைங்க ஒரே மாதிரிதான் யோசிக்கும்."

"பேரு கூடவா?"

"பேரெல்லாம் எனக்குள்ளேருந்து வந்தது. லைகச மொழின்னே ஒண்ணு உருவாக்கியிருக்கேன், இலக்கணத்தோட. அதுல யாமிமான்னா 'முதல் ஒளியின் தாய்'. பேட்டியில கூடச் சொல்லியிருக்கேன்."

நறுக் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனாள். பெரிய எழுத்தில் எழுதினாள்: யாமிமா.

"மேடம், கடைசி எழுத்துலேர்ந்து திருப்பிப் படிங்க."

வக்கீலம்மா படித்தார். "மா... மி... யா." நிறுத்தினார். "மாமியா?"

"கடைசியில ஒரு 'ர்' இருந்துச்சு. அதை முன்னாடி கொண்டு வந்தா நாக்கு சுளுக்கிக்கும்னு அக்கா விட்டுட்டாங்க." நறுக் கீழே லைகச என்று எழுதினாள். "இது?"

"சகலை."

"அக்காவோட வீட்டுக்காரருக்கு ஒரு சகலை இருக்காரு. வாயைத் திறந்தா வெறும் காத்துதான். அதான் ஓயாம புயல் அடிக்கிற கிரகத்துக்கு அவர் பேரு. உங்க சகலைக்கும் வாய் அப்படித்தானா சார்?"

கதாசிரியர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மூன்றாவதாக அவள் மிருக என்று எழுதியபோது பதிப்பாளரே ஆர்வம் தாங்காமல் முந்திக்கொண்டார். "க... ரு... மி. கருமி! அட, நல்லா இருக்கே. அது யாரு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கதவோரம் பார்த்தார். ஆவி தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிப்பாளரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. அந்தக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கதாசிரியர் மேல் பாய்ந்தது.

"படிக்க ஏதாவது பழைய காமிக்ஸ் இருந்தா அனுப்புங்கன்னு கேட்டீங்களே, அந்தக் கட்டுல இருந்ததா சார் இது? நானே பெட்டி கட்டி அனுப்பினேனே! கடைசியில உரிமையைப் பிடுங்குவேன்னு என்னையே மிரட்டினீங்களே!"

அறை குளிர்ந்தது போதாதென்று இன்னும் குளிர்ந்தது.

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "சட்டப்படி பார்த்தா, ஒளிக்கப்பல் பேர்ல யார் என்ன எழுதினாலும் உரிமை கம்பெனிக்குத்தான்."

"ரொம்பச் சரி மேடம்" என்றார் சல்லடை. "அப்போ திருட்டே நடக்கல. கம்பெனியோட புத்தகம், கம்பெனி அனுமதிச்ச பதிப்பகம், எடைக்குப் போட்டது பதிப்பாளர். போலீஸ்ல என்னன்னு புகார் குடுப்பீங்க? எங்க ரகசியத்தை நாங்களே அச்சடிச்சு, நாங்களே எடைக்குப் போட்டோம்னா? அதுல இன்னொண்ணு. கணக்குல வராதுன்னு நீங்களே தள்ளின கதையை, ஆறு மாசம் தூங்காம யோசிச்சதா சார் சொல்றாரு, பேரெல்லாம் தன்னோடதுன்னு பேட்டியே குடுத்திருக்காரு. காமிக்ஸ் நடைபாதையில கிடைக்குது. விசிறிங்க மீசையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்களுக்கே படி இறங்கறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு."

வக்கீலம்மா நல்ல வக்கீல். தோற்ற வழக்கை அடையாளம் காண அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, முதல் முறையாக ஆவியைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

பதிப்பாளர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு தொகைதான் வந்திருக்கிறது.

ஆவி எழுந்து நின்றாள்.

"கதை என்னோடதுன்னு படத்துல போடணும். அது ஒண்ணு."

"போட்டுடலாம். அப்புறம்?"

"கடைசிக் காட்சி."

"அதுக்கென்ன?" என்றார் கதாசிரியர். "அதுதான் படத்தோட உயிரே! ராணி கேப்டனுக்காகக் குண்டை வாங்கிட்டு, அவர் மடியில சாகறா. தியேட்டரே அழும். அடுத்த வாரம் ஷூட்டிங்."

"எங்க மாமியார் யாரு மடியிலயும் சாகற ஆளு இல்ல சார்."

நறுக் சிரிக்க வாயெடுத்தாள். ஆவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"கல்யாணமான புதுசுல அவங்க மேல இருந்த ஆத்திரத்துல எழுத ஆரம்பிச்சது இது. வில்லியாத்தான் வச்சேன். கடைசியில கேப்டன் கையால கொன்னுடணும்னுதான் இருந்தேன். எழுத எழுத அவங்க குனியவே இல்ல. வீட்டுக்காரர் செத்து, ஒத்தை மெஷினை மிதிச்சு மூணு பிள்ளைகளைக் கரையேத்தினவங்க. காகிதத்துல மட்டும் எப்படிக் குனிவாங்க? கேப்டனோட கப்பலைப் பிடுங்கி வச்சுக்கிட்டு அவனை நடந்தே வீட்டுக்கு அனுப்பினாங்க. என்னால தடுக்க முடியல. நான் எழுதினதுலயே அது ஒண்ணுதான் நிஜம். நீங்க கணக்குல வராதுன்னீங்க, சரின்னு போனேன். இப்போ எடுத்துக்கிட்டீங்க, அதுக்கும் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா அவங்களைச் சாகடிக்க விடமாட்டேன்."

கதாசிரியர் வக்கீலைப் பார்த்தார். வக்கீலம்மா பலகையைப் பார்த்தார். அதில் மூன்று சொற்களும் அழிக்கப்படாமல் இருந்தன.

"ஒரு வாரத்துல கடைசிக் காட்சியை யாரு புதுசா எழுதறது?" என்றார் கதாசிரியர். குரலில் இருந்த கனம் குறைந்திருந்தது.

"நீங்கதான்" என்றாள் ஆவி.

கதவோரத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் தலைப்பக்கம் போட்டாள். உட்கார்ந்தாள். யாருக்கோ வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நான் சொல்றேன். நீங்க எழுதிக்கங்க. ராணி ஜன்னலோரம் நிக்கிறா. வெளியே கேப்டன், கைகட்டி. எழுதிட்டீங்களா?"

தலைமைக் கதாசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார்.